நாளுக்கு மூன்றடி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கிழக்குத் தாம்பரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரைக்குத் தலைப்புக் கேட்ட செயலாளரிடம் 'நாளுக்கு மூன்றடி' என்று எழுதிக் கொடுத்தேன். "கொடுப்பதா, வாங்குவதா?" என்று கேட்டார். ஹைக்கூ எழுதுவோர் தமிழ்நாட்டில் இரண்டும் செய்து வருகிறார்கள் என்பதால் நான் மறுமொழி சொல்லவில்லை. ஹைக்கூவின் வரலாற்றையும் இலக்கணத்தையும் இதே மேடையில் என்னினும் கற்றோர் எடுத்துரைத்திருக்கின்றனர். அவற்றை விரித்துரைப்பது என் நோக்கமன்று. ஜப்பானிய மரபில் வந்த இந்தச் சிறு கவிதையை நாளுக்கு ஒன்றென, விடாமல் எழுதி வருவது எழுதுபவரை என்ன செய்கிறது என்பதை மட்டுமே பேச விழைகிறேன். ஐந்தாண்டுகளாக அதைச் செய்து வருகிறேன் என்பதே எனக்குள்ள தகுதி.

தமிழில் இவ்வடிவத்தின் வருகையைச் சுருங்கச் சொல்லிக் கடக்கிறேன். புதுவையில் இருந்த பாரதியார் 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையை எழுதினார். கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் யோனே நொகுச்சி எழுதியதைப் படித்த தூண்டுதலில் பிறந்தது அது. அதே 1916இல்தான் தாகூரும் ஜப்பானுக்குச் சென்றார். பாஷோவின் கவிதைகளை வங்காளிகளுக்கு எடுத்துச் சொன்னார். இந்தியாவின் இருவேறு பகுதிகளைச் சேர்ந்த இரு பெருங்கவிகள் ஒரே ஆண்டில் ஒரே திசையை நோக்கியிருக்கிறார்கள். ஆயினும் விதை முளைக்க நெடுநாள் ஆயிற்று. கவிக்கோ அப்துல் ரகுமானின் 'பால்வீதி' 1974இல் வந்தது. அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' ஆகிய இரண்டும் 1984இல் வந்தன. ஈரோடு தமிழன்பனின் 'சூரியப் பிறைகள்' 1985இல் வந்தது. அதன்பின் மடை திறந்தது. திருமண அழைப்பிதழ் வரை ஹைக்கூ புகுந்தது.

மடை திறந்த வெள்ளத்தில் வண்டலும் வரும், குப்பையும் வரும். நம்மவர் எழுதுவதில் பெரும்பகுதி எப்படி இயங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். விளக்கத்துக்காக, இந்த மேடைக்கென்றே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன்.

நாள் முழுதும் நின்றும்
கால் வலிக்கவில்லை
துணிக்கடைப் பொம்மை

கைதட்டல் வாங்கும். அருகில் நாள் முழுதும் நிற்கும் விற்பனைப் பெண்ணை நினைக்க வைப்பதால் சமூக அக்கறையும் உண்டு எனலாம். ஆனால் இதன் எலும்பு என்ன? முதல் இரண்டடி கேள்வி, மூன்றாமடி விடை. நம் பாட்டிமார் திண்ணையில் போட்ட விடுகதைதான் இது. ஈற்றடி பெயர்ச்சொல்லாய் முடிய வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருப்பதும் இதற்குத் துணை போகிறது. பெயரெச்சங்களை அடுக்கிக் கொண்டே போய், பெயரைக் கடைசிவரை ஒளித்து வைத்து, இறுதியில் திரையை விலக்கும் வித்தைக்குத் தமிழ் வாக்கிய அமைப்பு மிகவும் இசைவானது. சிரிப்பும் குத்தலும் விடுகதையும் தவறென்று சொல்ல வரவில்லை. ஜப்பானியர் அவற்றுக்கு சென்ரியு என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்; தமிழன்பன் அதையும் தமிழுக்குக் கொண்டு வந்தார். என் மனக்குறை வேறு. அந்தப் பொம்மையைப் பற்றி எழுத நான் துணிக்கடைக்குப் போக வேண்டியதில்லை. எதையும் பார்க்க வேண்டியதே இல்லை. நாற்காலியில் அமர்ந்து மின்விசிறியின் கீழ் எழுதிவிடலாம்.

நாள்தோறும் எழுதுவதன் முதற்பயன் இங்கேதான் இருக்கிறது. சாதுரியம் ஒரு கையிருப்பு. சிலருக்கு முப்பது நாள் வரும், சிலருக்கு அறுபது நாள் வரும். மாதம் ஒன்று எழுதுபவருக்கு அது ஆயுள் முழுதும் வரும்; ஆகவே அவர் தம் கையிருப்பையே கவித்துவம் என்று நம்பிக்கொண்டு வாழ்ந்துவிடலாம். நாளுக்கு ஒன்று எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மாதத்தில் பெட்டி காலியாகிவிடும். பொம்மை, மெழுகுவத்தி, அகல் விளக்கு, வேர், கூண்டுக்கிளி, முதியோர் இல்லம், எல்லாம் தீர்ந்துபோகும். அன்றிரவு ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவீர்கள், ஒன்றும் வராது. அப்போது செய்யக்கூடியது ஒன்றே: எழுந்து வாசலுக்குப் போய், அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அந்த நாள் வரைக்கும் கொண்டு சேர்ப்பதுதான் இந்த நோன்பின் வேலை என்பது என் கருத்து.

நோன்பு என்ற சொல்லை எண்ணியே சொல்கிறேன். நாள்தோறும் பாடல் எழுதுவது நமக்கு ஜப்பானிலிருந்து வந்த இறக்குமதி அன்று. இங்கிருந்து சற்றுத் தொலைவில், திருவான்மியூரில், 1929இல் சமாதியடைந்த பாம்பன் சுவாமிகள் இளமையில் நாளுக்கு ஒரு பாடல் இயற்றிய பின்னரே உணவு கொண்டார் என்றும், அவ்வாறு நூறு நாளில் நூறு பாடல் பாடினார் என்றும் அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். அது பக்தி நோன்பு. நாம் பேசுவது கண்ணின் நோன்பு. பசி இரண்டுக்கும் பொது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழ வேண்டும். பாஷோ நாளுக்கு ஒன்று எழுதினாரா? இல்லை. ஐம்பதாண்டு வாழ்வில் அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ ஆயிரம் கவிதைகளே. மறுபுறம், அவர் காலத்தவரான சைகாக்கு 1684இல் சுமியோஷி ஆலயத்தில் ஒரு பகலும் ஓர் இரவுமாக அமர்ந்து 23,500 அடிகளைப் பொழிந்து தள்ளினார். கணக்குப் போட்டால் ஒன்றுக்கு நான்கு வினாடி கூட ஆகவில்லை. எழுதியவர்களின் கை பின்தங்கியதால் கோடு கிழித்து எண்ணிக்கை மட்டும் வைத்தார்கள் என்பர். சைகாக்கு கதை எழுதியே பெரும்புகழ் பெற்றார். அந்த அடிகளை இன்று யாரும் படிப்பதில்லை. எண்ணிக்கை கவிதையாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆகவே 'ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து' என்று மார்தட்டுவதில் ஒன்றுமில்லை. என் ஏட்டில் ஆயிரத்தெண்ணூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பிறருக்குக் காட்டத்தக்கவை நாற்பது தேறலாம். நாற்பதை எழுத ஆயிரத்தெண்ணூறு எதற்கு என்று கேட்டால், எவை அந்த நாற்பது என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் மற்றவற்றை எழுதியிருக்க மாட்டேன் என்பதே விடை.

நாள்தோறும் எழுதியவர்களில் இருவர் எனக்கு ஆசான்கள். ஒருவர் இஸ்ஸா (1763–1828). இருபதாயிரம் கவிதைகள் எழுதியவர். 1810 முதல் 1818 வரையிலான அவரது 'ஏழாம் நாட்குறிப்பு' நாள்வாரியாகச் செல்வது. அன்று வெயிலா மழையா, எந்த ஊரில் தங்கினார் என்ற குறிப்புகளோடு கவிதைகளும் கலந்தே கிடக்கும். ஈ, பேன், நத்தை, தவளை எல்லாம் அவருக்கு உறவினர். மூன்று வயதில் தாயை இழந்து, பெற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுத்து, இறுதியில் வீடும் தீக்கிரையாகிச் சேமிப்புக் கிடங்கில் உயிர்விட்டவர் அவர். துயரம் அவரை எழுதத் தூண்டியது என்று சொல்வது எளிது. துயரம் வந்த நாளிலும் வராத நாளிலும் அவர் எழுதினார் என்பதே கவனிக்கத்தக்கது.

மற்றவர் மசவோகா ஷிகி. 'ஹைக்கூ' என்ற பெயரை இன்றைய பொருளில் நிலைநாட்டியவரே அவர்தாம். 1867இல் பிறந்தவர், 1889இல் இரத்தம் கக்கினார். 'ஷிகி' என்ற புனைபெயரே, இரத்தம் கக்கும் வரை கூவுவதாகச் சொல்லப்படும் ஒரு குயிலினத்தின் பெயர். காசநோய் முதுகெலும்புக்கும் பரவி, வாழ்வின் கடைசி ஆண்டுகளில் பாயை விட்டு எழ முடியாதவராகிவிட்டார். 1902 மே 5ஆம் நாள் முதல் 'நிப்பொன்' நாளேட்டில் அவர் எழுதிய தொடரின் தலைப்பு 'ஆறடி நோய்ப்படுக்கை'. அந்த ஆறடிதான் தம் உலகம், அதுவும் தமக்கு அகலமாகத்தான் இருக்கிறது என்பது அதன் உட்பொருள். செப்டம்பர் 17 வரை 127 பகுதிகள் வந்தன. 19ஆம் நாள் இறந்தார். வயது முப்பத்து நான்கு. இறப்பதற்கு முன்னாள் பலகையில் பொருத்திய தாளைப் பிறர் பிடித்துக்கொள்ள, மூன்று கவிதைகள் எழுதினார். மூன்றும் தோட்டத்துப் பீர்க்கங்கொடி பற்றியவை. அந்தக் கொடியின் நீர் சளியிளக்கும் மருந்தாக அங்கே பயன்பட்டது. ஜப்பானில் அவரது நினைவுநாளுக்கே பீர்க்கின் பெயர்தான்.

ஷிகி கற்பித்த முறைக்கு 'ஷசெய்' என்று பெயர். உள்ளதை உள்ளபடி வரைதல். மேலைநாட்டு முறையில் வரையும் ஓவிய நண்பரிடமிருந்து அவர் இதைப் பெற்றார். 1899இன் இறுதியில் அவர் மாணவர் கியோஷி அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். அதுவரை தாள் ஒட்டிய கதவுக்குப் பின்னால் படுத்திருந்தவருக்குத் தோட்டம் தெரியத் தொடங்கிற்று. ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரிந்த செடிகொடிகளும் பூச்சிகளும் ஒரு மொழியின் கவிதையையே திசை திருப்பின என்பது எத்துணை வியப்பு!

காசநோய் என்றதும் இந்த அவையில் ஒரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். நம்மில் பலர் இன்று மாலை இறங்கிய நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அது ஒரு நோயின் வீடு என்பதே மறந்துவிட்டது. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. மருந்தில்லாத காலம் அது. திறந்த காற்று, ஓய்வு, நல்லுணவு, இவையே சிகிச்சை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்வண்டி ஓடத் தொடங்கியபோது இவ்வூர் நகரத்தார் நல்ல காற்றுக்கு வரும் காட்டூர்தான். பின்னர் மருந்துகள் வந்தன. நோயாளியை மாதக்கணக்கில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியதும் இதே சென்னையில், 1956இல் தொடங்கப்பட்ட ஆய்வு மையந்தான். உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர அது பெருங்காரணமாயிற்று. அந்த மருந்துகள் வருமுன் எத்தனை பேர் அந்த மரங்களுக்கிடையே படுத்துக் கிடந்து, கிளை அசைவதையும் வெயில் நகர்வதையும் மாதக்கணக்கில் பார்த்திருப்பார்கள்! அவர்களும் ஷிகி பார்த்ததையே பார்த்தார்கள். புதுமைப்பித்தனை 1948இல் கொண்டு சென்றதும் அந்த நோய்தானே. நான் அந்த நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம், எழுதப்படாத நாட்குறிப்புகள் நிறைந்த நூலகம் ஒன்றைக் கடப்பதாக எண்ணிக்கொள்வேன்.

இதை ஏட்டுப் பேச்சாக மட்டும் சொல்லவில்லை. நான் எழுதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் என் தாயார் படுக்கையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, பிறகு எழவில்லை. பதினொரு மாதங்கள். சேலையூரில் எங்கள் வீட்டு முன்னறையில், சன்னலையொட்டிக் கட்டில் போட்டோம். சன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரமும், எதிர் வீட்டு மொட்டைமாடியும், மின்கம்பியும் தெரியும். வேறொன்றுமில்லை. வெளியே சென்று பார்த்து எழுதும் வாய்ப்பு எனக்கும் குறைந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு மருந்து கொடுத்த பின் அந்தக் கட்டிலருகேதான் ஏட்டைத் திறப்பேன். "இன்னிக்கு என்னடா எழுதியிருக்கே?" என்று கேட்பார். படிப்பேன். அம்மாவுக்கு ஹைக்கூ என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒரு வகைக் கேள்வியே. காக்கை என்று படித்தால், "எந்தக் காக்கா? அண்டங்காக்காவா, மணிக்காக்காவா?" மழை என்று படித்தால், "தூறலா, அடைமழையா?" காற்று என்றால், "எங்கேருந்து அடிச்சுது?"

எத்தனையோ திறனாய்வு நூல்கள் படித்திருக்கிறேன். அந்த 'எந்தக் காக்கா' என்ற கேள்விக்கு இணையானதொன்றை அவற்றில் கண்டேனில்லை. ஷசெய் என்று ஷிகி சொன்னதன் முழுச்சாரமும் அதில் இருக்கிறது.

அம்மாவிடமிருந்து வேறொன்றும் கிடைத்தது. ஜப்பானிய மரபில் ஒவ்வொரு கவிதையிலும் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இருக்க வேண்டும். 'கிகோ' என்பார்கள். அச்சொற்களைத் தொகுத்து, எந்தப் பருவத்துக்கு எது உரியது என்று காட்டும் அகராதிகளே அங்குண்டு. நாம் அதைப் படித்துவிட்டுச் செர்ரிப் பூவையும் பனிப்பொழிவையும் எழுதினால் நகைப்புக்கிடமாகும். 'நமக்குத்தான் தொல்காப்பியம் முதற்பொருளும் கருப்பொருளும் வகுத்திருக்கிறதே' என்பீர்கள். உண்மை, நிலமும் பொழுதும் கவிதைக்கு முதல் என்று சொன்ன இலக்கணம் நம்முடையது. ஆனால் அங்கும் ஒரு சிக்கல் உண்டு. உரையாசிரியர்கள் காட்டும் மாதக் கணக்கின்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். தாம்பரத்தில் அக்கினி நட்சத்திரம் கொளுத்துவது அந்த 'இளவேனிலில்'தான்! ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். நமக்கோ பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதாவது இலக்கணப்படி கூதிரில் வருகிறது. இலக்கணத்தைக் குறை சொல்லவில்லை. வேறு நிலத்தின் வானத்தைக் கண்டு சொன்னதாக இருக்கலாம். நமக்கு வேண்டியது இந்த நிலத்தின், இந்தத் தெருவின் பருவச் சொற்கள்.

அவற்றை அம்மா கட்டிலில் படுத்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். மாசியில் வேம்பு இலை கழிக்கும், வாசலை எத்தனை முறை பெருக்கினாலும் தீராது. பங்குனியில் துளிர்க்கும், குயில் விடியுமுன்னே கூவத் தொடங்கும். சித்திரையில் வேப்பம்பூ பொரிப்பொரியாகத் தரையில். அவர் சொன்னவற்றோடு நான் கண்டவற்றையும் சேர்த்து எழுதத் தொடங்கினேன். நுங்கு வண்டி, தண்ணீர் லாரி, இவை கோடைக்கு. ஆனியில் நாவற்பழக் கறை படிந்த நடைபாதை. ஆடியில் காற்று, கூழ், ஒலிபெருக்கி. ஆவணியில் எருக்கம்பூ மாலை. ஐப்பசியில் ஈசல், ரயில்பூச்சி, வானிலை அறிக்கை. கார்த்திகையில் ஏரிக் கலங்கலில் நீர் வழியும் ஓசையும், அதைப் பார்க்க நிற்கும் கூட்டமும். மார்கழிக்கு என்னைக் கேட்டால் குரங்குக் குல்லாய்தான் முதற்சொல். பனி என்று பெரிதாக ஒன்றுமில்லாவிட்டாலும் அதை மாட்டாமல் பால் வாங்கப் போகும் ஆண்மகன் நம் பகுதியில் அரியர். தையில் பனங்கிழங்குக் கட்டு. பொங்கலுக்கு முன்னிரவு 'பெருங்களத்தூர் நெரிசல்' என்பதும் ஐயமற்ற பருவச் சொல்லே. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டதால் அந்தச் சொல் சிறிது தெற்கே நகரக்கூடும்!

இப்படி இருநூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் அறுபதுக்கு மேல் அம்மாவுடையவை. அவர் மறைந்த நாளின் பக்கத்திலும் மூன்றடி இருக்கிறது. எழுதலாமா என்ற தயக்கம் இருந்தது. எழுதினேன்.

கீரைக்காரி
வழக்கம்போல் 'அம்மா' என்கிறாள்—
வாசல் நிறையச் செருப்புகள்

இது நல்ல கவிதையா என்பதை நான் சொல்லக் கூடாது. அன்று வேறெதுவும் சொல்ல என்னால் இயன்றிராது என்பதை மட்டும் சொல்லலாம். முன்னூறு நாள் பழகிய கை, கண் கலங்கியிருந்தபோதும் வாசலைப் பார்த்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் தம் இறுதிக் காலத்தில், பாரிசில் நோயுற்றிருந்தபோது, ஏறத்தாழ நாலாயிரம் ஹைக்கூ எழுதினார். தெரிந்தெடுத்த 817 கவிதைகள் அவர் மறைந்து முப்பத்தெட்டாண்டுகள் கழித்து 1998இல்தான் நூலாயின. சினமும் போராட்டமுமாய் எழுதிய நாவலாசிரியர் இறுதியில் ஏன் மூன்றடிக்கு வந்தார் என்பது அம்மாவின் கட்டிலருகே இருந்தபோது எனக்கு ஓரளவு விளங்கிற்று.

இனி ஏட்டின் மற்றொரு பயன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கிறதல்லவா? ஐந்தாண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து, குயில் முதலில் கூவிய நாள், ஈசல் முதலில் பறந்த நாள், சரக்கொன்றை பூத்த நாள் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஐந்தாண்டு என்பது ஒன்றுமில்லை. அதைக் கொண்டு எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் கியோத்தோவில் கி.பி. 812 முதற்கொண்டு அரண்மனை நாட்குறிப்புகளிலும் கவிதைகளிலும் செர்ரி மலர்ந்த நாள் பதிவாகியிருக்கிறது. ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர் யசுயுகி அவோனோ அவற்றைத் தேடித் திரட்டினார். 2021இல் மார்ச் 26ஆம் நாளே முழுமலர்ச்சி வந்தபோது, ஆயிரத்து இருநூறாண்டுப் பதிவுகளில் அதுவே மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. புவி வெம்மையடைவதற்குக் கவிஞர்களின் ஏடு சான்று சொல்கிறது. அவர்கள் அதற்காக எழுதவில்லை. பூவைப் பார்த்து எழுதினார்கள், தேதி போட்டார்கள், அவ்வளவே.

நம் பகுதிக்கு இது பொருந்தாதா? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் அடையாற்று நீர் வீடுகளுக்குள் ஏறியதை இந்த அவையில் பலர் உடலால் அறிவீர்கள். அன்று நீர் எங்கெல்லாம் போயிற்றோ அவையெல்லாம் ஒரு காலத்தில் நீரின் இடங்களே என்று பின்னர் எல்லோரும் பேசினோம். ஆனால் ஓர் ஏரியின் ஓரம் எந்த ஆண்டில் மனையாயிற்று, எந்தக் கோடையில் எந்தப் பறவை வராமற்போயிற்று என்று தேதியுடன் சொல்ல நம்மிடம் யார் இருந்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது, நன்று. பட்டியலில் இடம்பெறாத சிறு குட்டைகளுக்கு ஏடு யார் வைப்பது? என் பக்கங்களில் ஒன்று:

வேலி போட்ட மனை—
நீர் தேங்கிய மூலையில்
தாழைக்கோழி நடக்கிறது

இதற்கடுத்த ஆண்டு அதே தேதியில் அந்த மூலையில் அடித்தளம் போட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஏதோ நேர்கிறது. தனித்தனியே இரண்டும் வெறும் குறிப்புகள். முழக்கம் ஏதும் இல்லாமலே இந்த வடிவம் இதைச் செய்யக்கூடும் என்பதை, ஹைக்கூவில் முழக்கமிடும் நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுதும் முறை பற்றிச் சில சொற்கள். இளைஞர்கள் கேட்டதால் சொல்கிறேன். பதினேழு அசை என்ற கணக்கில் மனத்தை அலைக்கழிக்க வேண்டா. ஜப்பானியர் எண்ணுவது நம் நேரசை நிரையசை அன்று. மூன்றடி, பத்துப் பன்னிரண்டு சொல், போதும். ஈற்றடியில் பெயர்தான் வர வேண்டும் என்ற விதியை ஓராண்டுக்கு மறந்து பாருங்கள். வினைமுற்றில் முடிக்கும்போது காலம் உள்ளே வருகிறது.

மின்வண்டி போயிற்று.
தண்டவாளத்தின் நடுவே துத்திப்பூ
இன்னும் ஆடுகிறது.

இதையே 'ஆடும் துத்திப்பூ' என்று முடித்தால் படம் கிடைக்கும். வண்டி போன பிறகான அந்தச் சிறு நேரம் போய்விடும். உவமை வரும்போது ஒருமுறை தடுத்துப் பாருங்கள். 'போல' இல்லாமல் நிற்க முடியாத பொருள் சிலவே. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக எழுதி ஈடுகட்ட வேண்டா. வெற்றுப் பக்கமும் ஒரு பதிவுதான். எழுதியதை உடனே பிறருக்கு அனுப்பாதீர்கள். கைப்பேசியில் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் கைகூப்பிய படங்கள் வந்துவிடும். மறுநாள் நீங்கள் எழுதுவது அந்தப் படங்களுக்காக இருக்கும். ஓராண்டு கழித்து, அதே பருவத்தில் எடுத்துப் படியுங்கள். நாற்பது தேறலாம் என்று சொன்னேனே, அவை அப்படித் தேறியவைதான்.

செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். தாம்பரம் வட்டாரத்துக்கெனப் பருவச் சொல் தொகுதி ஒன்றை நம் வட்டம் வெளியிட வேண்டும். என்னிடமுள்ள இருநூற்றைப் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாயிலருகே மேசையில் இருக்கிறது. அவை சேலையூர் சன்னல் ஒன்றிலிருந்தும் ஒரு நடைபாதையிலிருந்தும் கண்டவை மட்டுமே. மாடம்பாக்கத்தார், பீர்க்கன்காரணையார், திருநீர்மலையார், கிறித்தவக் கல்லூரிக் காட்டின் ஓரம் குடியிருப்போர் ஆகியோரின் சொற்கள் அதில் இல்லை. விமானப்படைத் தளத்தையொட்டி வாழ்பவர்களுக்குப் பயிற்சி விமானத்தின் ஓசையிலேயே பருவம் தெரியும் என்று கேள்வி. அவர்கள்தாம் எழுத வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தெருவின் சொல் ஐந்தேனும், தேதியோடு கொண்டு வாருங்கள். காக்கை என்று எழுதினால், எந்தக் காக்கை என்றும் எழுதுங்கள்.